மூச்சு அடைபட்ட பச்சிளங்குழந்தைக்கு ஏன் உடனே குழாய் போட்டுவிடுவதில்லை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. உங்கள் அண்ணன் குழந்தை பிறந்து பதினோரு நாள் ஆகிறது. தாடை மிகச் சிறியது. நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கிறது. குப்புறப் போட்டால் ஓரளவு நிம்மதியாக மூச்சு விடுகிறது, மல்லாக்கப் போட்டால் நெஞ்சுக்குழி உள்ளே இழுக்கிறது. தாடையை நீட்டும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். மயக்க மருத்துவர் வந்து பேசியபோது, "அறுவை சிகிச்சையைவிட மூச்சுக்குழாய் போடுவதுதான் இதில் பெரிய வேலை. குழந்தை தானாக மூச்சு விடுவதை நிறுத்தாமல் தூங்கவைக்கப் பார்ப்போம்" என்று சொல்லியிருக்கிறார். பெரியவர்களுக்கு ஊசி போட்டு ஒரு நிமிடத்தில் குழாயை இறக்கிவிடுகிறார்களே, கேமரா வைத்த கருவியெல்லாம் வந்துவிட்ட பிறகும் இதற்கு ஏன் இவ்வளவு தயக்கம் என்று கேட்கிறீர்கள். இந்த மருத்துவருக்கு அனுபவம் போதாதோ என்ற பயமும் அதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நான் குழந்தைகளுக்கு மயக்கம் கொடுக்கும் மருத்துவர். பல வருடங்களாக இதே வேலை, அதில் பச்சிளங்குழந்தைகள் கணிசம். உங்கள் குழந்தையை நான் பார்க்கவில்லை, அதனால் அந்தக் குழந்தைக்கு எந்த வழி சரி என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் பயத்துக்கு ஒரு பதில் இப்போதே சொல்லலாம். இப்படிப்பட்ட குழந்தையின் வீட்டாரிடம் "குழாய் போடுவதுதான் பெரிய வேலை" என்று முன்கூட்டியே சொல்கிற மருத்துவர், அந்த வேலை எப்படியெல்லாம் கை நழுவும் என்று அறிந்தவர். "சின்ன விஷயம், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன், மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு மாஸ்க் வைத்து நன்றாக ஆக்சிஜன் நிரப்பிவிட்டு மூச்சை நிறுத்தினால், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு அபாயமாக இறங்குவதற்குள் ஏழெட்டு நிமிடங்கள் கிடைக்கும். அதே மாதிரி நிரப்பிய கைக்குழந்தைக்கு ஒன்றரை நிமிடம் கிடைத்தால் அதிகம். ஏற்கெனவே மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்கும் பச்சிளங்குழந்தைக்கு அதுவும் கிடையாது. நான் விநாடிகளில்தான் கணக்குப் போடுவேன். பெரியவர் உடல் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 3 மில்லி அளவு ஆக்சிஜன் செலவழிக்கிறது என்றால், பிறந்த குழந்தை 6 முதல் 8 மில்லி செலவழிக்கிறது. அப்புறம் நுரையீரலில் மிச்சம் வைத்திருக்கும் காற்றும் குறைவு. விழித்திருக்கும்போது குழந்தை வேகமாக மூச்சு விட்டும், குரல்நாண்களை லேசாக மூடிப் பிடித்தும் அந்த மிச்சக் காற்றைத் தக்கவைக்கிறது. மயக்கம் வந்ததும் அந்தப் பிடி தளர்ந்து மிச்சக் காற்று இன்னும் சுருங்கிவிடும். செலவு இரண்டு மடங்கு, சேமிப்போ கரைந்துகொண்டே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிஜன் இறங்கினால் குழந்தையின் இதயம் வேகமெடுக்காது, மெதுவாகும். பெரியவர்களுக்கு முதலில் துடிப்பு கூடும், அது ஒரு எச்சரிக்கை மணி மாதிரி. பச்சிளங்குழந்தைக்கு 140-ல் ஓடிக்கொண்டிருந்த துடிப்பு சில விநாடிகளில் 80, 60 என்று விழும். அதன் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தத்தைப் பெரிதாகக் கூட்டிக்கொள்ள முடியாது. ஆகவே துடிப்பு பாதியானால் மூளைக்குப் போகும் ரத்தமும் கிட்டத்தட்ட பாதிதான். இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. கருப்பையில் நுரையீரலைத் தவிர்த்து ரத்தம் ஓடிய பாதைகள் பிறந்த முதல் சில வாரங்களில் முழுதாக மூடியிருக்காது. ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் இறுகும். உடனே ரத்தம் பழைய பாதைக்கே திரும்பும். அதன் பிறகு நுரையீரலுக்குள் எவ்வளவு ஆக்சிஜன் தள்ளினாலும் ரத்தத்தில் ஏறுவது கஷ்டம். இதுவரை சொன்னதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அளவையும் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். மூன்று கிலோ குழந்தை ஒரு தடவை இழுக்கும் மூச்சு 20 மில்லி சிரிஞ்சுக்குள் அடங்கிவிடும். குரல்நாண்களுக்குக் கீழே உள்ள வளையக் குருத்தெலும்பு மட்டத்தில் மூச்சுவழியின் விட்டம் நான்கு, ஐந்து மில்லிமீட்டர். அங்கே உள்சதை சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் வீங்கினால் நான்கு மில்லிமீட்டர் வழி இரண்டாகிவிடும், பரப்பு கால்வாசிக்கு இறங்கிவிடும். காற்று சீராக ஓடினால்கூடத் தடை பதினாறு மடங்கு ஏறும். அழுது திணறி இழுக்கும்போது அதற்கும் மேல். பெரியவருக்கு அதே ஒரு மில்லிமீட்டர் வீக்கம் லேசான தொண்டைக் கரகரப்போடு முடிந்துவிடும். ஒவ்வொரு முறை கருவியை உள்ளே விட்டுக் குத்தும்போதும் நாங்கள் பயப்படுவது இந்த ஒரு மில்லிமீட்டருக்குத்தான்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். ஏன் "தானாக மூச்சு விடுவதை நிறுத்தாமல்"? விழித்திருக்கும் குழந்தையின் தொண்டை திறந்திருப்பது எலும்பால் மட்டும் இல்லை. நாக்கு, தொண்டைத் தசைகள் எல்லாம் ஒவ்வொரு மூச்சுக்கும் சற்று முன்னே இறுகி வழியைப் பிடித்துக்கொள்கின்றன. சிறிய தாடை உள்ள குழந்தை இந்தத் தசை பலத்தில்தான் உயிர் பிழைத்துக்கொண்டிருக்கிறது என்றே சொல்லலாம். தூக்க மருந்து கொடுத்தால் அந்தப் பிடி தளரும். தசையை முழுதாகத் தளர்த்தும் மருந்து கொடுத்தால் பிடி சுத்தமாகப் போய்விடும், மூச்சும் நின்றுவிடும். அப்போது மாஸ்க் வழியாக நாங்கள் தள்ளும் காற்று நாக்கைத் தாண்டி உள்ளே போனால் பிரச்சினை இல்லை. போகாவிட்டால்? குழாயும் இறங்கவில்லை, மாஸ்க்கிலும் காற்று போகவில்லை என்ற நிலை. எங்கள் தொழிலில் இதைவிடக் கெட்ட நிலை கிடையாது. மேலே சொன்ன விநாடிக் கணக்கு அப்போதுதான் ஓட ஆரம்பிக்கும்.

அதனால்தான் மருந்தைச் சிறுகச் சிறுக ஏற்றுகிறோம். பெரும்பாலும் செவோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு, அல்லது ரத்தக்குழாய் வழியாக மெதுவாக ஓடும் மருந்து, அல்லது இரண்டும். அந்த நேரத்தில் என் கண் மானிட்டரில் இருந்தாலும் மனம் முழுக்க இடது கையில்தான் இருக்கும். மயக்க வாயுவைக் குழந்தையிடம் கொண்டுவரும் குழாய் அமைப்பின் (சர்க்யூட்) முனையில் அரை லிட்டர் ரப்பர் பை ஒன்று உண்டு. குழந்தை ஒவ்வொரு மூச்சு இழுக்கும்போதும் அது உள்ளங்கையில் லேசாகச் சுருங்கும், விடும்போது நிரம்பும். சுருக்கம் குறைந்தால், ஆழம் குறைந்தால், இழுப்புக்கும் பைக்கும் தொடர்பு அறுந்தால், மானிட்டர் சத்தம் போடுவதற்கு முன்பே கை சொல்லிவிடும். உடனே மருந்தைக் குறைப்பேன், தாடையை முன்னே தூக்குவேன், தொண்டை விரிந்து நிற்க லேசான அழுத்தம் கொடுப்பேன். குழந்தை தன் மூச்சைக் கையில் வைத்திருக்கும் வரை திரும்பிப் போக எனக்கு வழி இருக்கிறது.

ஆனால் எல்லா அடைப்புக்கும் இதே வைத்தியம் இல்லை. எந்த மட்டத்தில் அடைப்பு என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். மூக்கின் பின்வாசல் இருபுறமும் பிறவியிலேயே மூடியிருக்கும் குழந்தை இருக்கிறது. பச்சிளங்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும் என்பதால் அது அமைதியாக இருக்கும்போது நீலமாகும், அழும்போது வாய் திறந்து சிவப்பாகும். வாய் வழியாக ஒரு சிறு குழலை வைத்துக் கட்டிவிட்டாலே பாதி சிக்கல் தீரும், குரல்வளைக்குக் குழாய் போடுவதும் வழக்கமாகச் சுலபம். குரல்வளையின் மேல்பகுதி தொளதொளவென்று இருக்கும் குழந்தை மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சொலி எழுப்பும். கைக்குழந்தைகளின் கீச்சொலிக்கு மிக அதிகமான காரணம் அதுதான். லேசான அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுத்தால் வழி விரிந்துவிடும். குரல்நாண்களுக்குக் கீழே சுருக்கம் என்றால் வேறு கதை. குரல்நாண்கள் கண்ணெதிரே தெளிவாகத் தெரியும், ஆனால் கையில் இருக்கும் குழாய் அதற்குக் கீழே இறங்காது. அங்கே கேமரா எந்த உதவியும் செய்யாது, இன்னும் சிறிய குழாய்தான் வேண்டும். மூச்சுக்குழலை வெளியிலிருந்து ரத்தக்குழாய் நெரிக்கிறது என்றால் குழாய் போட்ட பிறகும் அடைப்பு அதற்குக் கீழே அப்படியே இருக்கும். இதனால்தான் முன்கூட்டியே காது மூக்கு தொண்டை மருத்துவர் மெல்லிய எண்டோஸ்கோப்பை மூக்கு வழியாக விட்டு, குழந்தை விழித்திருக்கும்போதே பார்த்துவிடுவது பெரிய உதவி. உங்கள் குழந்தைக்கு அதைச் செய்திருந்தால், அதில் என்ன தெரிந்தது என்று தயங்காமல் கேளுங்கள். சிறு தாடையோடு கீழே இன்னொரு கோளாறும் இருக்கிறதா என்பது முக்கியமான தகவல்.

உங்கள் குழந்தைக்கு இருப்பதாக நீங்கள் விவரிக்கும் மூன்றும் சேர்ந்தது, அதாவது சிறு தாடை, பின்னால் விழும் நாக்கு, அதனால் மூச்சடைப்பு, பியர் ராபின் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1923-ல் விவரித்த நிலையோடு ஒத்துப்போகிறது. மேலண்ணத்தில் பிளவும் பெரும்பாலும் இருக்கும். இதில் மயக்க மருத்துவருக்கு உள்ள பிரச்சினை இரண்டு. ஒன்று, நாக்கு அடைப்பது. இரண்டு, தாடை சிறியதாக இருப்பதால் லாரிங்கோஸ்கோப்பால், அதாவது வாய் வழியாகக் குரல்வளையைப் பார்க்கும் கருவியால், நாக்கை ஒதுக்கித் தள்ள இடமே இல்லை. குரல்வளை நேர்ப்பார்வைக்கு எட்டாமல் முன்னே, மேலே ஒளிந்துகொள்கிறது.

முதல் பிரச்சினைக்கு ஒரு எளிய வழி உண்டு. சாதாரண மூச்சுக்குழாய் ஒன்றையே அளவாக வெட்டி, ஒரு நாசித்துவாரம் வழியாக விட்டு, அதன் நுனி நாக்கின் அடிப்பகுதியைத் தாண்டிக் குரல்வளைக்குச் சற்று மேலே நிற்கும்படி வைக்கிறோம். நாக்கு எவ்வளவு பின்னால் சரிந்தாலும் அதன் பின்னே ஒரு சுரங்கம் திறந்திருக்கும். உங்கள் குழந்தைக்கு வார்டிலேயே இப்படி ஒன்று வைத்திருக்கலாம். ஆபரேஷன் தியேட்டரில் அதே குழாயின் வெளிமுனையில் ஆக்சிஜனையும் மயக்க வாயுவையும் இணைத்துவிடுவோம். குழந்தை அதன் வழியாகத் தானே மூச்சு விட்டுக்கொண்டு தூங்கும். இன்னொரு நாசித்துவாரம் காலியாக இருக்கிறது அல்லவா, அதன் வழியாக இரண்டரை மில்லிமீட்டர் அளவு தடிமனுள்ள வளையும் ஸ்கோப்பை இறக்குவோம், அதன் மேல் மூச்சுக்குழாயை முன்னமே கோர்த்து வைத்திருப்போம். திரையில் இளஞ்சிவப்பாகத் தொண்டை தெரியும், எச்சில் நுரை தெரியும், அப்புறம் ஒவ்வொரு மூச்சுக்கும் திறந்து மூடும் இரண்டு வெண்மையான கோடுகள். குழந்தை தானாக மூச்சு விடுவதன் இன்னொரு லாபம் இங்கே தெரியும்: சளியும் வீக்கமுமாக எங்கே வழி என்றே புரியாத இடத்தில், எந்தப் பக்கம் நுரைக்குமிழி அசைகிறதோ அந்தப் பக்கம்தான் காற்றுவழி. ஸ்கோப் குரல்நாண்களைத் தாண்டியதும் குழாயை அதன் மேல் வழுக்கி இறக்குகிறோம். வெளிவரும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு அலை அலையாக மானிட்டரில் எழும் வரை அறையில் யாரும் பேசமாட்டார்கள்.

சரி, தானாக மூச்சு விடவைப்பது எப்போதும் சிறந்ததா? இந்த இடத்தில் எங்களுக்குள்ளேயே கருத்து ஒன்றில்லை. நான் படித்த காலத்தில் இது கேள்விக்கு அப்பாற்பட்ட விதி. இப்போது அப்படி இல்லை. மயக்கம் போதாமல் இருக்கும்போது குரல்வளையைத் தொட்டால் குரல்நாண்கள் இறுக மூடிக்கொள்ளும், குழந்தை இருமித் திணறும், அதுவும் ஆக்சிஜனை இறக்கும். அமெரிக்காவில் கடினமான மூச்சுவழி உள்ள குழந்தைகளைப் பற்றிய பதிவேட்டை ஆராய்ந்தபோது, தானாக மூச்சு விடவிட்ட குழந்தைகளிடம் சிறு சிக்கல்கள் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருந்தன. இதை வைத்துத் தசை தளர்த்தும் மருந்தே மேல் என்று முடிவுகட்டவும் முடியாது. மிகக் கடினமான குழந்தைகளைத்தான் மருத்துவர்கள் தானாக மூச்சு விடவிட்டிருப்பார்கள், அதனால் எண்ணிக்கை அந்தப் பக்கம் சாய்ந்திருக்கலாம். 2024-ல் வெளிவந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் தசை தளர்த்தும் மருந்தைப் பரிந்துரைக்கிறது, ஆனால் "தானாக மூச்சு விடுவது அவசியமில்லாதபோது" என்ற பொருளில் ஒரு நிபந்தனையோடு. அந்த அவசியம் யாருக்கு, எப்போது என்பதைப் பக்கத்தில் நிற்கும் மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். என் வழக்கத்தைச் சொல்கிறேன், இதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: மாஸ்க்கில் காற்று நன்றாகப் போகிறது என்று கையால் உணரும் வரை தளர்த்தும் மருந்தைத் தொடமாட்டேன். குரல்வளைக்கு மேலே மட்டும் அடைப்பு, காற்று தாராளமாகப் போகிறது என்று உறுதியானால், தளர்த்துவதற்கும் தயங்கமாட்டேன்.

கேமராவைப் பற்றிக் கேட்டீர்கள். உண்மையிலேயே பெரிய முன்னேற்றம், அதில் சந்தேகம் இல்லை. டப்ளினில் நடந்த ஆய்வு ஒன்று 2024-ல் வெளியானது. அதில் பச்சிளங்குழந்தைகளுக்கு முதல் முயற்சியிலேயே குழாய் இறங்கியது வீடியோ கருவியில் 74 சதவீதம், பழைய நேர்ப்பார்வைக் கருவியில் 45 சதவீதம். ஆனால் அவர்கள் மூச்சுவழி சாதாரணமாக இருந்த குழந்தைகள்தான் பெரும்பாலும். கடினமான மூச்சுவழி என்று ஏற்கெனவே தெரிந்த குழந்தைகளின் பதிவேடு 2016-ல் சொன்னது இன்னும் கடுமையானது: நேர்ப்பார்வைக் கருவியில் முதல் முயற்சி வென்றது வெறும் 3 சதவீதம், வீடியோ கருவியிலும் வளையும் ஸ்கோப்பிலும் பாதியைச் சற்றே தாண்டியது. அதாவது சிறந்த கருவியோடும் கிட்டத்தட்ட இரண்டில் ஒரு தடவை முதல் முயற்சி தோற்றது. கேமரா வழியைக் காட்டும். காட்டிய வழியில் குழாயைத் திருப்பிக் கொண்டுபோவது வேறு வேலை. திரையில் குரல்நாண்கள் அழகாகத் தெரிந்தும் குழாய் நுனி அதன் முன்விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அதே பதிவேடு இன்னொன்றையும் காட்டியது, என் மனதில் ஆழமாகப் பதிந்தது அதுதான்: ஐந்தில் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஒரு சிக்கல், இரண்டு முயற்சிக்கு மேல் போனவர்களிடமும் எடை குறைந்த குழந்தைகளிடமும் அது அதிகம். எனக்கு இது தாளில் படிப்பதற்கு முன்பே தெரியும். வேலைக்கு வந்த ஆரம்ப வருடங்களில் ஒரு நான்கு நாள் குழந்தை. பிறந்ததிலிருந்து கீச்சொலி. தொளதொளத்த குரல்வளை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தூங்கவைத்தபோது மாஸ்க்கில் காற்று நன்றாகப் போனது. லாரிங்கோஸ்கோப்பை விட்டுப் பார்த்தால் குரல்வளையே தெரியவில்லை, வழவழவென்று ஏதோ மேடு. எடுத்துவிட்டு மாஸ்க் வைத்தேன். இரண்டாவது தடவையும் அதே மேடு. அங்கேயே நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். மூன்றாவது தடவையும் அதே கருவியோடு போனேன், கொஞ்சம் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும் என்ற எண்ணத்தில். கொஞ்சம் ரத்தம் வந்தது. திரும்ப மாஸ்க் வைத்தபோது முன்பு சுலபமாகப் போன காற்று போகவில்லை, இதயத்துடிப்பு அறுபதுக்கு இறங்கியது. லாரிஞ்சியல் மாஸ்க் ஒன்று போட்டோம், காற்று போனது, துடிப்பு ஏறியது. அந்த மேடு, நாக்கின் அடிப்பகுதியில் இருந்த நீர்க்கட்டி. காது மூக்கு தொண்டை மருத்துவர் ஊசியால் குத்தி நீரை எடுத்ததும் குரல்நாண்கள் நேராகத் தெரிந்தன. குழந்தை நலமாக வீட்டுக்குப் போனது. ஆனால் அந்த மூன்றாவது முயற்சிக்கு எந்த நியாயமும் இல்லை. எதையும் மாற்றாமல் அதே முயற்சியைத் திரும்பச் செய்வதை அன்றோடு விட்டுவிட்டேன்: தலையின் நிலை, கருவி, செய்யும் ஆள், இதில் ஒன்றாவது மாற வேண்டும்.

அந்த லாரிஞ்சியல் மாஸ்க்கைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் உங்கள் குழந்தைக்கும் ஒன்று தயாராக மேஜையில் இருக்கும். குரல்வளைக்குள் போகாமல் அதன் வாசலில் ஒரு கிண்ணம் மாதிரி உட்காரும் கருவி இது. ஐந்து கிலோவுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒன்றாம் எண். நாக்கு அடைக்கும் குழந்தைகளுக்கு இது அருமையாக வேலை செய்கிறது, அடைப்பைத் தாண்டிப் போய் உட்கார்ந்துவிடுகிறது. சில குழந்தைகளுக்கு விழித்திருக்கும்போதே, தொண்டையை மரக்கவைத்துவிட்டு இதைப் போட்டு, அதன் வழியாகவே மயக்கம் கொடுத்து, அதன் உள்ளேயே ஸ்கோப்பை விட்டுக் குழாயும் போட்டுவிடுவோம். குழாய் இறங்கவில்லை என்றாலும் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால் குழந்தைக்கு ஆபத்து இல்லை. குழாயைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அன்றே முடியாவிட்டால் குழந்தையை எழுப்பிவிட்டு இன்னொரு நாள் வேறு ஏற்பாட்டோடு வரலாம். அப்படி எழுப்பிக்கொண்டு வெளியே வந்தால் தயவுசெய்து அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள்.

இதுவும் போகவில்லை என்றால் கழுத்து வழிதான். பெரியவர்களுக்கு அவசரத்தில் கழுத்தின் முன்பக்கம் ஒரு சவ்வைக் கீறிக் குழாய் போடலாம். பச்சிளங்குழந்தைக்கு அந்தச் சவ்வின் அகலமே சுமார் மூன்று மில்லிமீட்டர், உயரம் அதைவிடக் குறைவு. குண்டுக் கழுத்தில் அதை விரலால் தடவிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஊசி போட்டால் பின்சுவரையும் துளைத்துவிடும். அதனால் இந்த வயதில் அவசரக் கழுத்துவழி என்பது பயிற்சி பெற்ற அறுவை மருத்துவர் கழுத்தில் மூச்சுக்குழலைத் திறந்து குழாய் வைக்கும் டிரக்கியாஸ்டமிதான். முதல் மருந்துத் துளி போகும் முன்பே அவர் கையுறை அணிந்து அறையில் நிற்க வேண்டும் என்று நாங்கள் கேட்பது இதனால். தியேட்டருக்குள் இத்தனை பேர் போகிறார்களே என்று பயந்துவிடாதீர்கள்.

கழுத்தில் பெரிய கட்டி மாதிரி சில அடைப்புகள் கர்ப்ப காலத்து ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். அவற்றுக்குத் தாய்க்கு ஆழ்ந்த மயக்கம் கொடுத்து, குழந்தையின் தலையையும் தோளையும் மட்டும் வெளியே எடுத்து, தொப்புள்கொடி வழியாக ஆக்சிஜன் வந்துகொண்டிருக்கும்போதே குழாய் போடும் முறைகூட உண்டு. உங்கள் குழந்தை பிறந்து தானாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பதால் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

கடைசியாக, அறுவை சிகிச்சை முடிந்த பிறகும் பல நாள் குழாயோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருப்பார்களாமே, ஏதாவது தவறு நடந்தால்தானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. தாடை எலும்பை வெட்டிக் கருவி பொருத்திய அன்றே தாடை நீண்டுவிடாது. நாளுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வீதம் திருகிப் பிரிக்க வேண்டும். நாக்கு முன்னே வர அத்தனை நாள் ஆகும், அதுவரை வீக்கமும் சேர்ந்திருக்கும். அதனால் பல இடங்களில் குழாயை விட்டுவைப்பது திட்டத்திலேயே இருக்கும். அந்த நாட்களில் குழாய் தவறி வெளியே வந்துவிடக் கூடாது என்பதுதான் பெரிய கவலை. குரல்நாண்களிலிருந்து மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடம் வரை மொத்தமே நான்கு, ஐந்து சென்டிமீட்டர்தான். தலை நிமிர்ந்தால் குழாய் மேலே ஏறும், குனிந்தால் கீழே இறங்கும். நர்ஸ் தலையைத் தொடவிடாமல் தடுத்தால் அண்ணியிடம் இதைச் சொல்லுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளலாம், பேசலாம், அதற்குத் தடை இல்லை. குழாயை எடுக்கும் நாளும் போடும் நாள் அளவுக்கே முக்கியம். பகல் நேரத்தில், போட்ட அதே குழு பக்கத்தில் இருக்கும்போது எடுப்பதைத்தான் நான் விரும்புவேன். வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்: மாஸ்க்கில் காற்று எப்படிப் போனது, எந்தக் கருவி, எந்த அளவுக் குழாய், எத்தனையாவது முயற்சி, எந்த வழி தோற்றது, எந்த வழி வென்றது என்று எழுதியது. அண்ணப் பிளவும் இருந்தால் அதை மூட இன்னும் சில மாதங்களில் அந்தக் குழந்தை மறுபடி மயக்கத்துக்கு வர வேண்டியிருக்கும், அன்று பார்க்கப்போகும் மருத்துவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.